பழுதும் பழியும்

ஒரு பொருள் பழுதுபட்டதாகத் தோன்றும் இடமும், அப்பழுதுக்குக் காரணமான இடமும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்று நாம் எளிதில் நம்பி விடுகிறோம். மாரிகாலத்தில் வீடு ஒழுகினால், நீர் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே கிடக்கும் ஓட்டினையே முதலில் மாற்றுகிறோம். ஓடு வேய்ந்து பழகியவரைக் கேட்டால் அவர் சிரிப்பார். நீர் நுழைந்த ஓடு எங்கோ இருக்கும். அந்நீர் சலாகை வழியே ஊர்ந்து வந்து சொட்டும் இடம் வேறெங்கோ இருக்கும். நேர் மேலே கிடக்கும் ஓடு ஒரு பாவமும் அறியாதது.

இவ்வுண்மையை அண்மையில் எனக்கு மீண்டும் உணர்த்தியது ஒரு பழைய ஜீப் வண்டி. குடும்பத்தினர் கூடியிருந்து வாசிக்கும் பக்கத்தில் மோட்டார் வண்டிக்கு என்ன இடம் என்று வாசகர்கள் எண்ணுதல் கூடும். அவ்வண்டியின் பொருட்டு ஒரு வீட்டின் சேமிப்புக் கரைந்தது. ஓர் இளந் தொழிலாளியின் நற்பெயரும் கரைய இருந்தது. அதனாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

சாதாரண மோட்டார் வண்டிகளின் உடலைச் சில்லுகளின் மேல் தாங்கி நிற்பவை உருக்கு விற்கள். உருக்கு வில்லின் வலிமை அது செய்யப்பட்ட அன்றே விதிக்கப்பட்டு விடுகிறது. ஒருவர் ஏறினும் அதே வில். எழுவர் ஏறிப் பின்னால் இரண்டு மூடை நெல்லை வைத்தாலும் அதே வில். ஆதலால், பாரம் கூடக்கூட வண்டியின் பின்புறம் தாழ்ந்து, முன் விளக்குகள் வானத்தைப் பார்க்கும். இக்குறையை நீக்க எண்ணியவர்கள் உருக்கு இருந்த இடத்தில் காற்றை வைத்தார்கள். நூலிழை பொதிந்த தடித்த இறப்பர்ப் பையொன்றைச் சில்லுக்கு அருகே அமைத்து, அதனுள்ளே காற்றை அமுக்கி அடைத்தார்கள். விபத்து நேருங்கால் முகத்துக்கு முன்னே விரியும் பாதுகாப்புப் பை வேறு, இது வேறு. கராஜ்களில் இந்த அமைப்பை 'எயார் சஸ்பென்சன்' என்பார்கள்.

ஒரு வாயுவின் கனவளவு பாதியானால், வெப்பநிலை மாறாதிருக்க, அதன் அமுக்கம் இருமடங்காகும் என்பது 1662ஆம் ஆண்டில் றொபேட் போயில் வெளியிட்ட விதி. பள்ளிப் பிள்ளைகள் மனனஞ் செய்யும் அவ்விதியே இங்கு வண்டியைத் தாங்குகிறது. பை நசுங்க நசுங்க, அது மேலும் மேலும் எதிர்த்து நிற்கும். பாரம் கூடினால் மின்சாரத்தால் இயங்கும் சிறு கொம்பிறசர் ஒன்று மேலுங் கொஞ்சம் காற்றை நிரப்பி, வண்டியைப் பழைய உயரத்துக்கு எழுப்பி விடும். பாரம் இறங்கினால் வால்வு திறந்து மிகுதிக் காற்று வெளியேறும். சில்லுகளின் அருகே சிறு நெம்புகோலோடு பொருத்தப்பட்ட சென்சர்கள் உயரத்தை அளந்து சொல்ல, கணினி ஒன்று இவற்றையெல்லாம் ஆண்டு நடத்தும்.

காற்றை நம்பி வண்டி ஓட்டுவது புதிதன்று. பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜோன் பொயிட் டன்லப், தம் மகனின் முச்சில்லு வண்டிக்கெனச் செய்து பார்த்த காற்று ரயருக்கு 1888இல் உரிமைப் பத்திரம் பெற்றார். ரயருக்குள் இருந்த காற்று வில்லின் இடத்துக்கு ஏறுவதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன. 1955இல் பிரான்ஸ் தேசத்துச் சித்திறோன் டி. எஸ். கார், நைதரசன் வாயுவும் எண்ணெயும் சேர்ந்து தாங்கும் அமைப்போடு வெளிவந்தது. 1957இல் அமெரிக்காவில் கடிலாக் எல்டொறாடோ புறோம் என்னும் விலையுயர்ந்த கார் காற்றுப் பைகளோடு வந்தது. காற்றுக் கசிவின் தொல்லை பொறுக்காமல் அதன் உரிமையாளர் பலர் பைகளைக் கழற்றிவிட்டுச் சுருள்வில் பூட்டிக்கொண்டனர். காடு மேடு ஏறும் ஜீப் இனத்துக்கு இவ்வசதி 1992இல் றேஞ் றோவர் வண்டியோடு வந்தது. பின்னர் பல நாட்டுக் கம்பெனிகளும் இவ்வழியிற் சென்றன. அன்று அமெரிக்கரை வருத்திய கசிவு இன்றும் இவ்வமைப்பின் முதற் பகைவனாகவே இருக்கின்றது. இறப்பர் இறப்பரே, பத்துப் பன்னிரண்டு ஆண்டு மடங்கி விரிந்தால் அதன் மடிப்பில் வெடிப்பு விழவே செய்யும்.

நம் நாட்டில் இவ்விஷயம் பலருடைய வீட்டு விஷயமாக மாறியதற்கு ஒரு காரணம் உண்டு. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு வழி மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரி முதலாந் திகதி. இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளும், நாட்டில் இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. வேறு காலமாயின் விற்றுத் தள்ளப்பட்டிருக்கும் முதிய வண்டிகள், புது வண்டியின் விலைக்குப் போயின. அவ்வாறு வாங்கியவர்களுள் என் தமக்கையின் கணவரும் ஒருவர்.

உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் அத்தான் அந்த ஜீப்பை வாங்கினார். வெளிநாடுகளிலிருந்து வரும் உறவினரையும் அயலவரையும் கட்டுநாயக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏற்றி வருவதும், கொண்டுபோய் விடுவதும் அதன் தொழில். ஒரு பயணம் சுமார் 400 கிலோமீற்றர். பெட்டிகள் எத்தனை அடுக்கினும் பின்புறம் தாழாமல் ஓடும் வண்டி என்று வருவோர் அதனை விரும்பினர். ஓய்வூதியத்துக்கு மேலாக அக்குடும்பத்தின் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் அதுவே துணையாயிற்று.

ஒரு நாட் காலை வண்டி படுத்த எருமையைப் போலத் தாழ்ந்து கிடந்தது. எஞ்சினை இயக்கினால் மெல்ல எழுந்தது. சில கிழமைகளில் எழவும் மறுத்தது. எச்சரிக்கை விளக்கு அணையவில்லை. அயலில் கராஜ் வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் வந்து கணினியைப் பொருத்திப் பார்த்தான். கொம்பிறசர் அளவுக்கு மிஞ்சிச் சூடேறியதாக அது சொல்லிற்று. கழற்றிப் பார்த்தபோது மோட்டார் எரிந்திருந்தது. கொழும்பிலிருந்து புதியது ஒன்று வருவித்துப் பூட்டினார்கள். வண்டி எழுந்தது, எல்லாரும் மகிழ்ந்தனர். நான்கு மாதம் செல்லுமுன் அதுவும் எரிந்தது.

இங்கேதான் பழி பிறந்தது. "பெட்டி புதுசு, உள்ளுக்குள்ளே கிடந்தது பழஞ் சாமான், மச்சான்" என்று அத்தான் என்னிடஞ் சொன்னார். என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் பெரிதன்று. சந்திக் கடையிலும் கோயில் வீதியிலும் சொன்னார். கொடுக்க வேண்டிய கூலியின் மிகுதியையும் நிறுத்தி வைத்தார். நமது ஊர்களில் ஒரு கராஜ் நடப்பது விளம்பரப் பலகையினால் அன்று, வாய்ச்சொல்லினால். கிழமைக்கு ஏழெட்டு வண்டிகள் வந்த முற்றத்தில் இரண்டு மூன்று வண்டிகளே நிற்கலாயின. அவனுக்கு அப்போதுதான் முதற் குழந்தை பிறந்திருந்தது.

நான் அவனிடம் சென்று நடந்ததைக் கேட்டேன். அவன் கோபங் கொள்ளவில்லை.

"சேர், சாமான் பழசெண்டு காட்டினால் நான் காசைத் திருப்பிக் குடுக்கிறன். ஆனால், ஏன் எரிஞ்சதெண்டு பாக்காமல் மூண்டாவதைப் பூட்டினால் அதுவும் எரியும். முதல் முறையே வண்டியை ஒரு நாள் விட்டு வைக்கச் சொன்னனான். ஐயாவுக்குக் கட்டுநாயக்கா அவசரம்."

அவனுடைய சொல்லில் நியாயம் இருந்தது. கொம்பிறசர் என்பது ஓயாது உழைக்கச் செய்யப்பட்ட யந்திரம் அன்று. சிறிது நேரம் இயங்கிக் காற்றை நிரப்பிவிட்டு நெடுநேரம் ஆறியிருக்க வேண்டியது அது. எங்கோ ஓர் ஊசித் துளை இருந்தால், இழந்த காற்றை ஈடு செய்ய அது மீண்டும் மீண்டும் எழுந்து இயங்கும். துளை சிறிதாயிருக்கும்வரை வண்டி நேராகவே நிற்கும். ஓட்டுபவருக்கு ஒன்றுந் தெரியாது. ஒரு நாள் கொம்பிறசர் எரிந்த பின்னரே வீட்டார் விழிப்பர். கணினியும் அப்போது கொம்பிறசரையே சுட்டும். அது பொய் சொல்லவில்லை. தான் அறிந்ததைச் சொல்லிற்று. குழாயின் மூட்டையும் பையின் மடிப்பையும் காண அதற்குக் கண்ணில்லை.

இன்னுமொரு நுட்பம் உண்டு. உள்ளே செல்லும் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதற்குக் கொம்பிறசரோடு சேர்ந்த சிறு அறையில் மணிகள் போன்ற உலர்த்தும் பொருள் இருக்கும். வண்டி தாழும்போது பையிலிருந்து திரும்பும் உலர்ந்த காற்று அவ்வறையின் வழியே வெளியேறி, அம்மணிகளைத் திரும்பவும் உலர்த்தும். காற்று துளையின் வழியே போய்விட்டாலோ, மணிகள் உலர்வதற்கு வழியில்லை. அவை நனைந்து நொறுங்க, ஈரமும் தூளும் வால்வுகளைச் சென்றடையும். இவ்வாறு ஒரு துளை மூன்று உறுப்புகளைக் கெடுக்கும்.

வண்டியை இரண்டு இரவு அவனிடம் விடும்படி அத்தானை இணங்கச் செய்தது என் தமக்கை. "மூண்டாவதுக்குக் காசு எங்கை கிடக்குது?" என்று அவர் கேட்ட ஒரு கேள்விக்கு மறுமொழி இருக்கவில்லை. எரிந்ததற்குப் பதிலாக வேறொரு வண்டியின் கொம்பிறசரை இரவல் வாங்கிப் பூட்டி, வண்டியை எழுப்பினோம். மாலை ஆறு மணிக்கு, சமதரையில், நான்கு சில்லுகளிலும் சில்லின் நடுவிலிருந்து மட்காட்டின் விளிம்பு வரை அளவுநாடா பிடித்து எழுதி வைத்தோம். நிலத்திலிருந்து அளந்தால் ரயரின் காற்று குறைந்திருப்பதும் கணக்கைக் குழப்பும். ஆதலால் சில்லின் நடுவிலிருந்து அளத்தல் வேண்டும்.

மறுநாட் காலை நான்கு மூலையும் ஏறத்தாழ ஒரே அளவாகத் தாழ்ந்திருந்தன. "நாலு பையுமோ போட்டுது?" என்று அத்தான் தலையிற் கை வைத்தார். மாணவன் தலையசைத்து மறுத்தான். இவ்வகை வண்டிகள் சிலவற்றில், எஞ்சின் ஓய்ந்த பின்னும் கணினி இடையிடையே விழித்துப் பார்க்கும். ஒரு மூலை தாழ்ந்திருந்தால், வண்டி கோணாதிருக்க மற்ற மூன்றையும் அதன் மட்டத்துக்கு இறக்கி விடும். குற்றவாளி ஒருவன், மண்டியிடுவோர் நால்வர். அவ்விரவு அவன் அந்த அமைப்புக்குரிய பியூஸைக் கழற்றி, கணினியை உறங்க வைத்தான். மீண்டும் அளந்தோம்.

இரண்டாம் நாட் காலையில் உண்மை வெளிப்பட்டது. முன் சில்லுகள் இரண்டும் ஒரு மில்லிமீற்றர் அளவே மாறியிருந்தன. பின் வலப்புறம் 480 மில்லிமீற்றர் இருந்தது 477 ஆயிற்று. பின் இடப்புறமோ 478 இருந்தது 431 ஆயிற்று.

பின்னர் வேலை எளிதாயிற்று. பியூஸைப் பூட்டி வண்டியை அதன் மிக உயர்ந்த நிலைக்கு எழுப்பினான். உடற்சட்டத்தின் கீழே இரும்புத் தாங்கிகளை ஒரு விரற்கடை இடைவெளியில் நிறுத்தினான். பாரம் பையின் மேலேயே நின்றது. பை வெடித்தாலும் வண்டி மனிதன்மேல் விழாது. பாத்திரங் கழுவும் சவர்க்காரத்தை நீரிற் கரைத்துத் தூரிகையால் முதலிற் குழாய் மூட்டிலே தடவினான். நுரை எழவில்லை. பின்பு பையின் மேற்புறத்தில் தடவினான், அங்கும் இல்லை. வண்டி உயர்ந்து நின்றமையால் விரிந்திருந்த கீழ் மடிப்பிலே தடவினான். ரோச் லைற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அத்தான்தான். சிறிது நேரத்தில் கடுகு அளவான குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு வரிசையிற் பூத்தன. வண்டி வழக்கமான உயரத்தில் நிற்கும்போது அவ்விடம் உள்ளே சுருண்டு மறைந்திருக்கும். எவர் குனிந்து பார்த்தாலும் தென்படாது.

எரிந்த இரண்டாவது கொம்பிறசரையும் அவன் எங்கள் முன்னிலையிற் பிரித்துக் காட்டினான். உறுப்புகள் புதியனவே. அதிக உழைப்பினால் மோட்டாரின் கம்பிச் சுருள்கள் கறுத்திருந்தன. உலர்த்தும் மணிகள் ஈரமாக ஒட்டிக் கிடந்தன. அத்தான் அவற்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார், ஒன்றுஞ் சொல்லவில்லை. பின் பைகள் இரண்டும் ஒரே வயதின ஆகையால் இரண்டையும் மாற்றினார்கள். இரண்டின் விலையும் சேர்ந்து ஒரு கொம்பிறசரின் விலைக்குக் கிட்டவில்லை. கொம்பிறசரும் உலர்த்தும் அறையும் மீண்டும் புதிதாக வந்தன. ஒட்டிக்கொண்டால் கொம்பிறசரை ஓயவிடாத சிறு றிலேயும் அவற்றோடு மாற்றப்பட்டது.

இவ்வகை வண்டி வைத்திருப்போர்க்கு அவனிடமிருந்து நான் கேட்டறிந்தவற்றைச் சுருக்கிச் சொல்லுகிறேன். ஒரு மூலை மட்டும் இரவில் தாழ்ந்தால், அம்மூலைப் பையையும் அதற்குச் செல்லும் குழாய் மூட்டையும் முதலில் ஐயுறல் வேண்டும். சில வேளைகளில் நைலோன் குழாயின் முனையைச் செம்மையாக வெட்டி மீளச் செருகுவதே போதுமானதாகும். காற்றுக் கசிவே இல்லாமல் வண்டி ஓடும்போதே ஒரு பக்கம் கோணினால், உயரம் அளக்கும் சென்சரைப் பார்க்க வேண்டும். கொம்பிறசர் இயங்கும் ஓசையே கேட்காவிடின், பெரிய செலவை எண்ணுமுன் பியூஸையும் றிலேயையும் பார்த்தல் நன்று. காற்றுப் பையை மட்டும் நம்பி ஒருவரும் வண்டியின் கீழே நுழைதல் கூடாது. குழாய்களில் நிற்கும் அமுக்கம் சாதாரண கார் ரயரில் இருப்பதைப்போல் நாலைந்து மடங்காக இருத்தல் கூடும். ஆகையால் அமுக்கத்தை வெளியேற்றாமல் மூட்டைக் கழற்றுதலும் ஆகாது. இத்தொல்லையே வேண்டாம் என்பவர்கள் சுருள்வில்லுக்கு மாறுவதுண்டு. அது தவறன்று, பாரத்துக்கேற்ப எழுந்து நிற்கும் வசதியை இழக்கச் சம்மதித்தால் போதும்.

நிற்க. இவற்றையெல்லாம் கண்டு முடித்த பின், என் மனத்தில் தங்கியது வேறொன்று. பொருளுக்குப் பணங் கொடுக்க நாம் தயங்குவதில்லை. பார்த்தறிவதற்குக் கொடுக்கத்தான் தயங்குகிறோம். இரண்டு கொம்பிறசர்களின் விலையைக் கொடுத்த வீடு, தொடக்கத்தில் ஓர் இரவைக் கொடுக்கவில்லை. வைத்தியரிடம் சென்றால் அவர் சோதித்துப் பார்த்துவிட்டு, "உமக்கு ஒன்றுமில்லை" என்றாலும் மகிழ்ந்து கட்டணங் கொடுக்கிறோம். மெக்கானிக் ஒரு நாள் முழுவதும் பார்த்துவிட்டு, "ஒன்றும் மாற்றத் தேவையில்லை" என்றாலோ, எதற்குக் கூலி என்று கேட்கிறோம். ஆகவே அவனும் எதையாவது மாற்றிக் காட்டக் கற்றுக்கொள்ளுகிறான். திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் நோயை அறிதல், அதன் முதற்காரணத்தை அறிதல், தணிக்கும் வழியை அறிதல் என ஒழுங்காகச் சொல்லி வைத்தார். நாம் முதலிலிருந்து மூன்றாவதற்குத் தாவி விடுகிறோம்.

கல்லூரியிலும் இதனை ஆண்டுதோறும் காண்கிறேன். கணிதத்திற் புள்ளி குறைந்தவுடன் பிள்ளையை இரண்டாவது ரியூசனுக்கு அனுப்புவார்கள். அதிலுங் குறைந்தால் மூன்றாவதற்கு. கரும்பலகையில் எழுதிய எட்டு அவனுக்கு மூன்றாகத் தெரிகிறது என்பதை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். மூக்குக்கண்ணாடி வந்தபின் அப்பிள்ளைக்கு ஒரு ரியூசனும் தேவைப்படாது போன வீடுகளை நான் அறிவேன். அதற்குள் அவன் மந்தன் என்று பெயரெடுத்து விடுகிறான். அப்பெயரைத் துடைத்தல் கண்ணாடி வாங்குவதைப்போல் எளிதன்று.

அத்தான் வாயால் வருத்தந் தெரிவிக்கும் இயல்பினர் அல்லர். நிறுத்தி வைத்த கூலியை மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்த கிழமை, தம்மைப் போலவே வாடகைக்கு வண்டி ஓட்டும் நண்பர் ஒருவரைத் தாமே கூட்டிச் சென்று அக்கராஜில் விட்டார். சந்திக் கடையில் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. முற்றத்தில் நிற்கும் வண்டிகளின் தொகை மீண்டும் கூடியிருக்கிறது.

இப்போது அவன் ஒரு வழக்கம் வைத்திருக்கிறான். காற்றுப்பை வண்டி எது வந்தாலும், எதையுங் கழற்றுமுன் அது ஓர் இரவு நிற்க வேண்டும். அந்த இரவுக்கும் ஒரு சிறு கட்டணம் உண்டு. சிலர் முணுமுணுத்துக்கொண்டு வேறிடம் போகிறார்கள். போகிறவர்களை அவன் மறிப்பதில்லை. நிற்கிறவர்களின் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, அளவுநாடாவை எடுத்துக்கொண்டு நான்கு சில்லையும் சுற்றி வருகிறான்.